கால் அகட்டி நிற்கும் கெப்

பதுளைச் சந்தைப் பக்கம் மரக்கறி இறக்க நிற்கும் பழைய கெப் வண்டிகளை முன்னால் நின்று பார்த்தால் ஒன்று கண்ணில் படும். முன்சக்கரங்கள் செங்குத்தாக நிற்பதில்லை. சில வண்டிகளில் இரண்டு சக்கரங்களின் தலையும் உள்ளே சாய்ந்து, வண்டி கால் அகட்டி நிற்கும். சிலவற்றில் இடது சக்கரம் மட்டும் சாய்ந்திருக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்திய வண்டியில் ஒரு சக்கரம் படுத்தே போய்விட்டதோ என்று தோன்றும்.

அச்சு வளைந்துவிட்டதா? டயர் பழசா? பாரம் கூடிப்போனதா? வழியில் போகிறவருக்கும் எழுகிற கேள்விதான் இது. வண்டிக்காரருக்கோ காசு சம்பந்தப்பட்ட கேள்வி. புது டயர் போடுகிறார். வீல் எலைன்மென்ட் பார்க்கிறார். சில மாதம் ஓடிய பிறகு குனிந்து பார்த்தால் டயரின் வெளிப்பாதி புதிது போலவே இருக்கிறது, உள்பாதி மொட்டையாகி நூல் தெரிகிறது.

ஊவாவின் வீதிகளில் வயதான கெப்கள் இத்தனை ஓடுவதற்கு அண்மைக் காலக் காரணம் ஒன்றும் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. நடுவில் 2022 இன் பொருளாதார நெருக்கடியும் வந்துபோனது. புது வண்டிக்கு வழியில்லாத அந்த ஆண்டுகளில், 1980களிலும் 1990களிலும் ஜப்பானில் செய்யப்பட்ட கெப்களே கொழுந்தையும் உரத்தையும் உருளைக்கிழங்கையும் சுமந்தன. இன்னும் சுமக்கின்றன.

அப்படிப்பட்ட வண்டியில் சக்கரம் ஏன் சாய்கிறது, எந்தச் சாய்வுக்குப் பயப்பட வேண்டும், கையிலிருக்கும் எளிய பொருட்களை வைத்து அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இந்த அத்தியாயம். சாய்ந்திருப்பது சக்கரம் என்றாலும், முதலில் சரிசெய்ய வேண்டியது வண்டியின் உயரம். அது ஏன் என்பது போகப்போக விளங்கும்.

எல்லாச் சாய்வும் கோளாறு அல்ல

முன்னாலிருந்து பார்க்கும்போது, செங்குத்துக் கோட்டிலிருந்து சக்கரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைச் சாய்கோணம் என்று வைத்துக்கொள்வோம். கராஜில் இதைக் கேம்பர் என்பார்கள். சக்கரத்தின் தலை வண்டியின் நடுப்பக்கம் சாய்ந்தால் உள்சாய்வு. வெளிப்பக்கம் சாய்ந்தால் வெளிச்சாய்வு. கால் அகட்டி நிற்கும் கெப்புக்கு இருப்பது உள்சாய்வு.

தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சக்கரம் மிகச் சரியான செங்குத்தில் இருப்பதில்லை. அரைப் பாகைக்கு உள்ளோ சற்றுக் கூடவோ, மொடலுக்கு ஏற்றபடி, ஒரு சின்னச் சாய்வை வைத்தே அனுப்புவார்கள். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற அளவு என்றால் கிட்டத்தட்ட இரண்டு பாகையைத் தாண்டியிருக்கும்.

ஸ்டியரிங்கை ஒடித்து நிறுத்திய வண்டியில் தெரியும் பெரிய சாய்வு வேறு வகை. சக்கரம் இடம் வலம் திரும்புவதற்கு ஓர் அச்சு உண்டு. அந்த அச்சை வேண்டுமென்றே சாய்த்து வைத்திருக்கிறார்கள். அதன் மேல்முனை வண்டியின் நடுப்பக்கமாகவும் சற்றுப் பின்னாகவும் சாய்ந்திருக்கும். வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது இதனால்தான். சாய்ந்த அச்சைச் சுற்றித் திரும்பும் சக்கரம், திரும்பத் திரும்பத் தானும் சாயும். ஆகவே ஒடித்து நிறுத்திய வண்டியைப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. சக்கரங்கள் நேரே பார்க்க நிறுத்திய பிறகும் சாய்வு தெரிந்தால்தான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

சாய்ந்த சக்கரம் எங்கே போக விரும்புகிறது?

வாய் அகன்று அடி குறுகிய தேநீர்க் கிளாஸ் ஒன்றைப் படுக்கவைத்து உருட்டினால் அது நேராக ஓடாது; குறுகிய பக்கம் வளைந்து திரும்பும். சாய்ந்த டயரும் தரையைத் தொடும் இடத்தில் அப்படியொரு கூம்பாகவே உருளப் பார்க்கிறது. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டியைத் தள்ளுகிறது.

இரண்டு முன்சக்கரங்களும் ஒரே அளவு உள்ளே சாய்ந்திருந்தால், இடதுசக்கரம் வலப்பக்கமும் வலதுசக்கரம் இடப்பக்கமும் தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். வண்டி நேராகப் போகும். டயர்களின் உள்விளிம்பு மட்டும் சத்தமில்லாமல் தேயும். ஒரு பக்கம் சாய்வு கூடினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும்.

இலங்கை வீதிகளில் இந்த இழுப்பு மறைந்துகொள்ள ஓர் இடம் உண்டு. மழைநீர் கானுக்கு ஓடுவதற்காக வீதியின் நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்திப் போடுகிறார்கள். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில், வண்டி எப்போதும் சற்று இடப்பக்கம் சரிந்த தளத்தில்தான் ஓடுகிறது. அந்தச் சரிவு வண்டியை இடப்பக்கம் இழுக்கும். இடதுசக்கரத்தின் உள்சாய்வு மற்றதைவிடக் கூடியிருந்தால், அது வலப்பக்கம் தள்ளும். இரண்டும் சமப்பட்டுவிட்டால் சாரதியின் கைக்கு எதுவும் தெரியாது. “வண்டி நேராத்தானே போகுது” என்று அவர் சொல்வது உண்மைதான். ஆனால் இடது டயரின் உள்விளிம்பு கரைந்துகொண்டிருக்கும்.

டயரைத் தடவிப் பார்த்தால்

டயர் தேய்வது சாய்வினால் மட்டுமல்ல. மேலிருந்து பார்க்கும்போது இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல், முன்பக்கம் கூடியோ விரிந்தோ இருக்கலாம். இதைத் திசைக்கோணம் என்போம்; கராஜில் டோ. டயரைத் தின்பதில் திசைக்கோணம் சாய்கோணத்தைவிட மோசமானது. காரணம் எளிது: சக்கரம் ஒரு திசையைப் பார்க்க, வண்டி வேறு திசையில் போக, ஒவ்வொரு மீற்றரிலும் டயர் தரையில் கொஞ்சம் பக்கவாட்டில் இழுபடுகிறது.

இரண்டையும் உள்ளங்கையே பிரித்துக் காட்டும். டயரின் குறுக்காக, வெளியிலிருந்து உள்ளேயும் உள்ளேயிருந்து வெளியேயும் கையைத் தடவிப் பார்க்க வேண்டும். (கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் டயரில் இதைச் செய்யக்கூடாது.) ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், மறு திசையில் வாள்பல் போலச் சுரசுரவென்று பிடித்தால் அது திசைக்கோணத்தின் வேலை. இரு திசையிலும் வழவழப்பாக, ஒரு விளிம்பு மட்டும் தாழ்ந்திருந்தால் சாய்கோணத்தின் மேல் சந்தேகம். இரு விளிம்பும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். சுற்றளவில் இடைக்கிடை குழி விழுந்திருந்தால் ஷொக் எப்சோர்பரைப் பார்க்க வேண்டும்.

பழைய கெப்பில் பெரும்பாலும் முதல் இரண்டும் சேர்ந்தே வரும். அவற்றைச் சேர்த்துக் கொண்டுவருவது வண்டியின் அடியில் இருக்கும் இரண்டு கைகள்.

இரண்டு கைகளும் ஒரு முறுக்குத் தண்டும்

1988 இல் ஜப்பானில் வெளிவந்த ஐந்தாம் தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் இருசக்கர இயக்க வகையில், ஒவ்வொரு முன்சக்கரமும் மேலும் கீழுமாக இரண்டு கைகளால் சேஸியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அப்பர் ஆம், லோவர் ஆம் என்று கராஜில் சொல்வது இவற்றைத்தான். கையின் உள்முனையில் ரப்பர் புஷ். வெளிமுனையில் போல் ஜொயின்ட். அதே காலத்து நிசான், இசுசு, மிட்சுபிஷி கெப்கள் பலவற்றிலும் ஏறக்குறைய இதே அமைப்புத்தான்.

மேல் கை குட்டை, கீழ் கை நீளம். சக்கரம் மேலேறும்போது இரண்டு கைகளும் வில்போல் வளைந்த பாதையில் மேலே போகின்றன. குட்டைக் கையின் பாதை சீக்கிரமாக உள்ளே வளைகிறது. நீளக் கையின் பாதை மெதுவாக வளைகிறது. அதனால் சக்கரத்தின் தலை உள்ளே இழுபடுகிறது. வளைவில் வண்டி வெளிப்பக்கம் சரியும்போது வெளிச்சக்கரம் தரையில் நன்றாகப் பதிய வேண்டும் என்பதற்காகப் பொறியியலாளர்கள் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது.

வண்டியின் பாரத்தை இந்தக் கைகளில் தாங்குவது சுருள் ஸ்பிரிங் அல்ல, முறுக்குத் தண்டு. டோர்ஷன் பார் என்று கேட்டால் உதிரிப்பாகக் கடையில் எடுத்துத் தருவார்கள். சேஸிக்கு இணையாக நீளவாக்கில் ஓடும் உருக்குக் கம்பி அது. ஒரு முனை கையில் பொருந்தியிருக்கும். மறுமுனையை ஒரு போல்ட் பிடித்திருக்கும். சக்கரம் மேலேறினால் கம்பி முறுகும். முறுகிய கம்பி பழைய நிலைக்கு வரத் துடிக்கும். அந்தத் துடிப்பே வண்டியைத் தாங்குகிறது.

உருக்கும் களைக்கும். முப்பது ஆண்டுகளாக முறுகியே இருக்கும் தண்டு, பழைய விறைப்பில் ஒரு சிறு பகுதியை விட்டுக்கொடுத்துவிடும். வண்டியின் முன்பக்கம் சில சென்ரிமீற்றர் தாழும். தாழ்வதும் சக்கரம் மேலேறுவதும் கைகளைப் பொறுத்தவரை ஒன்றேதான். குட்டைக் கை தலையை உள்ளே இழுக்கிறது. வண்டி கால் அகட்டுகிறது. எந்தப் பாகமும் வளையவில்லை, உடையவில்லை. வண்டி மேட்டில் ஏறி இறங்கும்போது கணநேரம் எடுக்கும் நிலையை இப்போது நிரந்தரமாக எடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்டியரிங்கின் டை ரொட் கம்பியும் வேறொரு வளைந்த பாதையில் அசைவதால், உயரம் குறையும்போது திசைக்கோணமும் மாறிவிடுகிறது. சாய்கோணத் தேய்வும் திசைக்கோணத் தேய்வும் ஒன்றாக வருவது இதனால்தான்.

ஊவாவின் வீதி என்ன செய்கிறது?

ஹப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,430 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை சுமார் 1,225. பதுளை நகரம் 680 அளவில். தோட்டத்துக் கெப் ஒன்று பதுளைக்குப் போய் வருவதென்றால் பெரும்பகுதி இறக்கமும் ஏற்றமும்தான். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் ஏ23 வீதி, சுமார் 1,040 மீற்றர் உயரத்திலிருந்து 30 கிலோமீற்றருக்குள் சமவெளியைத் தொட்டுவிடுகிறது.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. முன்பக்கம் தாழ்கிறது, கைகள் மேலே மடங்குகின்றன, உள்சாய்வு இன்னும் கூடுகிறது. ஏற்கெனவே தாழ்ந்துபோன வண்டியில் கீழ் கை ரப்பர் தடையில் போய் மோதும். “டக்” என்று காலுக்கடியில் கேட்கும் சத்தம் அதுதான்.

தேயிலைத் தோட்டத்து உள்வீதிகள் வேறு கதை. ஹப்புத்தளையிலிருந்து, தோமஸ் லிப்டன் 1890 இல் கட்டிய தம்பேத்தன்ன தொழிற்சாலை வரை போகும் மலைவீதி போன்றவை மிகக் குறுகலானவை. எதிரே லொறி வந்தால் யாராவது ஒருவர் ஓரம் கட்ட வேண்டும். ஓரம் கட்டும்போது தாரின் விளிம்பிலிருந்து இறங்கி ஏறுவது இடதுசக்கரம். மழைக்காலம் முடிந்து தாரோரம் அரித்துப்போயிருந்தால் அந்த இறக்கம் ஒரு கைப்பிடி உயரம் இருக்கும். புஷ், போல் ஜொயின்ட், பெயாரிங் எல்லாவற்றுக்கும் அந்த அடி போய்ச் சேருகிறது. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் இடது முன்சக்கரத்தை முதலில் சந்தேகிப்பது அனுபவமுள்ள கராஜ் பாஸ்களின் வழக்கம்.

தூக்குக்குண்டு வைத்து ஓர் அளவீடு

சாய்கோணம் பார்க்கக் கணினி பொருத்திய எலைன்மென்ட் இயந்திரம் நகரத்தில் கிடைக்கும். ஆனால் கோளாறு எந்த வகை என்று அறிய மேசன் பாஸிடம் இருக்கும் தூக்குக்குண்டும் ஒரு மில்லிமீற்றர் அடிக்கோலும் போதும்.

முதலில் ஆயத்தம். வண்டியில் பாரம் இருக்கக்கூடாது. பின்பாரம் கூடினால் மூக்குத் தூக்கி அளவு மாறிவிடும். முன்டயர் இரண்டும் ஒரே அளவாகவும் ஒரே காற்றழுத்தத்திலும் இருக்க வேண்டும். ஸ்டியரிங் நேர். வண்டியை ஜெக் போட்டுத் தூக்கி இறக்கியிருந்தால், சில மீற்றர் முன்னும் பின்னும் உருட்டிவிட்டே அளக்க வேண்டும். தூக்கும்போது கீழே தொங்கிய சக்கரங்கள், இறக்கும்போது தரையில் ஒட்டிக்கொண்டு முழுதாக விரிவதில்லை. உருட்டாமல் அளந்தால் வெளிச்சாய்வு இருப்பதாகப் பொய் சொல்லும்.

இனி, தூக்குக்குண்டின் நூலை மட்காட் விளிம்பிலிருந்து சக்கரத்தின் நடுவுக்கு நேராகத் தொங்கவிட வேண்டும். நூல் டயரில் படக்கூடாது. ரிம்மின் மேல்விளிம்பிலிருந்து நூலுக்கு உள்ள தூரத்தையும், கீழ்விளிம்பிலிருந்து நூலுக்கு உள்ள தூரத்தையும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே சாய்வு.

14 அங்குல ரிம்மின் வெளிவிளிம்புகளுக்கு இடையே மேலிருந்து கீழ் ஏறக்குறைய 400 மில்லிமீற்றர். அந்த உயரத்துக்கு 7 மில்லிமீற்றர் வித்தியாசம் என்றால் சாய்வு 1 பாகை. 14 என்றால் 2 பாகை. மனதில் வைக்க வேண்டிய கணக்கு இது ஒன்றுதான்.

கணக்குக்காக ஒரு கெப்பை எடுப்போம். பண்டாரவளைப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் அது நிற்கிறது. இடதுசக்கரத்தின் தலை 21 மில்லிமீற்றர் உள்ளே. வலதுசக்கரத்தில் வித்தியாசமே இல்லை. அதாவது இடது 3 பாகை உள்சாய்வு, வலது பூச்சியம். பார்த்தவுடன் யாரும் சொல்வது: “இடது பக்கம் ஏதோ வளைஞ்சிருக்கு. வலது பக்கம் சரி.”

திருப்பி நிறுத்திய பிறகு

மலையகத்தில் மட்டமான முற்றம் எங்கே இருக்கிறது? முன்சக்கரங்கள் இரண்டுக்கும் இடையே 1,400 மில்லிமீற்றர் தூரம் என்றால், ஒரு பக்கத் தரை மறுபக்கத்தைவிட 24 மில்லிமீற்றர் உயர்ந்திருந்தாலே முழு வண்டியும் 1 பாகை சரிந்து நிற்கும். ஒரு விரலைவிடக் கொஞ்சம் தடித்த உயரம், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சரிவு ஒரு சக்கரத்தில் 7 மில்லிமீற்றரைக் கூட்டி, மற்றதில் 7 மில்லிமீற்றரைக் குறைத்துவிடும்.

தரையை மட்டம் செய்யத் தேவையில்லை. வண்டியைத் திருப்பி, முன்சக்கரங்கள் அதே இரண்டு இடங்களில் இடம் மாறி நிற்கும்படி எதிர்த்திசையில் நிறுத்தி, மறுபடி அளந்தால் போதும். முதலில் உயர்ந்த தரையில் நின்ற இடதுசக்கரம் இப்போது தாழ்ந்த தரையில் நிற்கும். தரை செய்த பிழை குறி மாறிவிடும்.

நமது கெப்பைத் திருப்பி நிறுத்தி அளக்கும்போது இடது 7 மில்லிமீற்றர் உள்ளே, வலது 14 மில்லிமீற்றர் உள்ளே என்று வருகிறது. இந்த அளவை மட்டும் பார்த்தவர் வலது பக்கம்தான் மோசம் என்று சத்தியம் செய்வார்.

இரண்டு அளவுகளின் சராசரியை எடுக்க வேண்டும். இடது: 21 உம் 7 உம் சேர்ந்து 28, பாதி 14 மில்லிமீற்றர், 2 பாகை. வலது: பூச்சியமும் 14 உம் சேர்ந்து 14, பாதி 7 மில்லிமீற்றர், 1 பாகை. உண்மை இப்போது வேறாகத் தெரிகிறது. இரண்டு சக்கரங்களும் உள்ளே சாய்ந்திருக்கின்றன. இடது சற்றுக் கூட. ஒரு பக்கம் அடிபட்டு வளைந்த வண்டிக்கு இது அடையாளமல்ல. இரண்டு பக்கமும் தாழ்ந்துபோன வண்டியின் அடையாளம்.

உயரம், ஆட்டம், வளைவு

அடுத்து உயரம். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்காட் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்தால் தாழ்வு தெரிந்துவிடும். மட்காட் அடிபட்டு நெளிந்திருந்தால் இந்த அளவை நம்ப முடியாது. அந்த மொடலின் கராஜ் கையேட்டில் கீழ் கைக்கும் தரைக்கும் இடையே எங்கிருந்து எங்கே அளப்பது என்று குறித்திருப்பார்கள். நமது கெப்பில் வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் 18 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்கிறது. இரண்டுமே கையேட்டு அளவுக்குக் கீழே.

உயரம் சரியாக இருந்தும் சக்கரம் சாய்ந்திருந்தால் ஆட்டம் பார்க்க வேண்டும். முறுக்குத் தண்டு கீழ் கையில் பொருந்திய வண்டியானால் கீழ் கைக்கு அடியில் ஜெக் வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பி, சேஸிக்கு ஸ்டான்ட் கொடுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். சரிவான இடத்தில் இந்த வேலையே கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியும் அசைத்தால், நல்ல சக்கரம் அசையாது. “டொக் டொக்” என்று ஆடினால் பெயாரிங்கோ போல் ஜொயின்டோ தேய்ந்திருக்கிறது. எது என்று அறிய, இன்னொருவர் வண்டிக்குள் ஏறி பிரேக்கை அழுத்த வேண்டும். அழுத்தியதும் ஆட்டம் நின்றால் பெயாரிங். அழுத்தியும் ஆடினால் போல் ஜொயின்ட். பிரேக் பிடித்தால் சக்கரமும் அதைத் தாங்கும் பாகமும் ஒன்றாகிவிடுகின்றன. பெயாரிங்கின் ஆட்டம் அதற்குள் அடங்கிவிடுகிறது. அதற்கு அப்பாலிருக்கும் ஜொயின்டின் ஆட்டம் அடங்குவதில்லை.

போல் ஜொயின்ட் ஆடும் வண்டியை டயருக்காகக் கவலைப்பட்டு நிறுத்துவதில்லை. அது கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி அந்த இடத்திலேயே குப்புற இழுபடும். பெரகலையிலிருந்து கொஸ்லாந்தைப் பக்கம் இறங்கும் வளைவுகளில் அப்படி நேர்ந்தால் என்னாகும் என்று விளக்கத் தேவையில்லை.

புஷ்ஷின் தேய்வைக் கம்பி ஒன்றால் நெம்பிப் பார்த்தே அறிய வேண்டும். ரப்பர் வெடித்து, உள்குழாய் நடுவிலிருந்து விலகியிருந்தால் மேல் கை அதே அளவு உள்ளே போயிருக்கும். உயரமும் சரி, ஆட்டமும் இல்லை, புஷ்ஷும் நல்லது, ஆனாலும் ஒரு சக்கரம் மட்டும் சாய்கிறது என்றால் அப்போதுதான் வளைவைச் சந்தேகிக்க வேண்டும். கல்லில் மோதிய கையோ, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோ வளைந்திருக்கலாம்.

பட்டாவும் ஃபோர்டும்

இந்த வரிசை எல்லா வண்டிக்கும் பொருந்தாது. டிமோ பட்டா என்று இலங்கை முழுவதும் பெயரெடுத்த டாடா ஏஸின் முன்பக்கத்தில் இரண்டு சக்கரங்களையும் ஒரே முழு அச்சு இணைக்கிறது. பாரம் தாங்குவது பட்டை ஸ்பிரிங். பழைய தோட்டத் துரைமாரின் லேண்ட் ரோவரும் முழு அச்சு வண்டிதான். ஸ்பிரிங் எவ்வளவு தளர்ந்தாலும் அச்சின் மேல் வண்டியின் உடல்தான் தாழும், சக்கரம் சாயாது. ஆகவே பட்டாவின் ஒரு சக்கரம் சாய்ந்திருந்தால் உயரத்தை அளந்து பயனில்லை. பெயாரிங், சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின், அல்லது வளைந்த அச்சு என்று நேரே அங்கே போக வேண்டும்.

எதிர்முனையில் அமெரிக்காவின் ஃபோர்டு. 1965 மொடல் பிக்கப்களில் அது அறிமுகப்படுத்திய இரட்டை அச்சு முறையில், ஒவ்வொரு முன்சக்கரமும் வண்டியின் மறுபக்கத்தில் பூட்டிய தனி நீள அச்சின் நுனியில் இருந்தது. மேல் கை கீழ் கை கிடையாது. சக்கரமும் அச்சும் ஒரே துண்டாக ஊசலாடும். அச்சின் நீளம் ஒரு மீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஸ்பிரிங் 25 மில்லிமீற்றர் தளர்ந்ததும் சக்கரம் ஏறக்குறைய 1.4 பாகை உள்ளே சாயும். உயரத்துக்கும் சாய்வுக்கும் உள்ள உறவை இதைவிட நேராகக் காட்டும் வண்டி குறைவு. பல பத்தாண்டுகள் ஃபோர்டு பிக்கப்களில் இந்த முறை தொடர்ந்தது; ஸ்பிரிங் தளர்ந்த பழைய ஃபோர்டுகள் அங்கேயும் கால் அகட்டித்தான் நின்றன.

சரிசெய்யும் வரிசை

நமது கெப்புக்கு வருவோம். முறுக்குத் தண்டின் மறுமுனையைப் பிடித்திருக்கும் போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் உயரும். சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, போல்ட்டைச் சிறிது சிறிதாக இறுக்கி, இறக்கி, உருட்டி, மறுபடி அளக்கிறார்கள். இரு பக்கமும் கையேட்டு உயரத்துக்கு வந்ததும் தூக்குக்குண்டு சொல்லும் அளவு: வலது 2 மில்லிமீற்றர் உள்ளே, இடது 5. வலதின் சாய்வு 0.3 பாகைக்கு இறங்கிவிட்டது. இடதில் இன்னும் 0.7 பாகை மிச்சம். உயரம் சமப்பட்ட பிறகும் நிற்கும் இந்த 3 மில்லிமீற்றர் வித்தியாசத்துக்கு உயரம் காரணமாக முடியாது. கம்பியால் நெம்பிப் பார்த்தால் இடது மேல் கையின் புஷ் வெடித்திருக்கிறது.

தொடக்கத்திலேயே நேரே எலைன்மென்ட் எடுக்கப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? பல பழைய கெப்களில் மேல் கை பூட்டும் இடத்தில் மெல்லிய தகடுகளை வைத்தோ எடுத்தோ சாய்கோணத்தைத் திருத்துவார்கள். தாழ்ந்த வண்டியில், வெடித்த புஷ்ஷோடு, தகடு வைத்து அளவைச் சரிக்கட்டியிருப்பார்கள். இயந்திரத்தின் திரையில் எண்கள் பச்சையாகத் தெரிந்திருக்கும். புஷ் இன்னும் கொஞ்சம் விலக, தண்டு இன்னும் கொஞ்சம் தளர, சில மாதத்தில் டயரின் உள்பாதி மறுபடி தேயத் தொடங்கியிருக்கும்.

போல்ட்டை இறுக்குவதிலும் எல்லை உண்டு. வண்டி உயரமாக, எடுப்பாக நிற்கட்டும் என்று கையேட்டு அளவைத் தாண்டி இறுக்கினால் சக்கரம் வெளிச்சாய்வுக்குப் போய் டயரின் வெளிவிளிம்பு தேயும். சக்கரம் பள்ளத்தில் கீழே இறங்க இடமில்லாமல் போகும். போல் ஜொயின்ட் தன் கோணத்தின் கடைசியில் நின்று வேலை செய்யும். போல்ட் முழுதும் இறுகியும் உயரம் வராவிட்டால் தண்டை மாற்ற வேண்டும். மாற்றும்போது இடது தண்டையும் வலது தண்டையும் மாறிப் பூட்டிவிடக்கூடாது. ஒவ்வொன்றும் ஒரு திசையில் முறுகுவதற்காகவே தொழிற்சாலையில் பக்குவப்படுத்தப்பட்டது. பெரும்பாலும் முனையில் எந்தப் பக்கம் என்ற அடையாளம் இருக்கும். பாவித்த பாகங்கள் விற்கும் கடையில் வாங்குபவர் துருவைச் சுரண்டி அந்த அடையாளத்தைப் பார்த்தே வாங்க வேண்டும்.

வளைந்த கை அல்லது நக்கிள் என்றால், காஸ் வெல்டிங் சுவாலையில் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சூடேறிய உருக்கு, தொழிற்சாலையில் பெற்ற பதத்தை இழந்துவிடும்; பார்வைக்கு நேராக இருக்கும், அடுத்த அடியில் முறியலாம். அந்தப் பாகத்தை மாற்றுவதே வழி.

ஆகவே வரிசை: காற்று, உயரம், ஆட்டம், புஷ், வளைவு. இவை முடிந்த பிறகே சாய்கோணமும், எல்லாவற்றுக்கும் கடைசியாகத் திசைக்கோணமும். முன்னால் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் திசைக்கோணத்தை மாற்றிவிடுவதால் அது கடைசியில் வருகிறது. நமது கெப்பில் புது புஷ் போட்ட பிறகு இடது 2.5 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டது. இனி அதை எலைன்மென்ட் இயந்திரத்தில் ஏற்றலாம். புது புஷ்ஷும் திருத்திய தண்டும் சில நாள் பாரத்தோடு ஓடிப் படிந்தபின் உயரத்தை இன்னொரு முறை அளந்து பார்ப்பார்கள். அதில் சில மில்லிமீற்றர் இறங்கியிருந்தால் போல்ட்டில் ஓர் அரைச் சுற்றும், டை ரொட்டில் ஒரு சின்னத் திருத்தமும் மிச்சமிருக்கும்.